வரிக்குதிரை மேசையும் காணாமல்போன கோடுகளும்

மெச்சிங் துணி வெட்டுகிற வேலை என்பது, நம்முடைய கண்ணை நாள் முழுக்க மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, பின்னேரம் அதை ஏச்சோடு திருப்பி வாங்குகிற வேலை.

புடவைக்கடைகளில் நின்று நின்று குதிக்கால் வெடித்த சகோதரிகளே, உங்களுக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வெள்ளவத்தையில், காலி வீதியில் இருக்கிற ஒரு சாறிக் கடையில் கீழ்த்தட்டு மெச்சிங் பகுதி என்னுடையது. ஆட்கள் சாறியைக் கொண்டு வருவார்கள். அதற்குப் பொருந்துகிற பிளவுஸ் துணியை நான் ரோல்களுக்குள் தேடி எடுத்து, முனையை மட்டும் இழுத்துச் சாறிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். சரி என்றால் வெட்டிக் கொடுப்பேன். வெட்டினது வெட்டினதுதான், கடை திருப்பி எடுக்காது. மன்னார்ப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குக் கலியாணம் முடித்து வந்த எனக்கு, படிப்பு கைகொடுக்காத இடத்தில் கண்தான் சோறு போட்டது.

இந்தப் பகுதியை நான் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் என் மகள். மூன்று வயது. கடைக்குப் பின்னால் கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில், பகலில் பிள்ளைகள் பார்க்கிற ஒரு வீட்டில் விட்டிருக்கிறேன். ஐந்தரைக்கு அங்கே கேற் பூட்டிவிடுவார்கள். மெச்சிங் பகுதி ஐந்து மணிக்கு முடியும். மேல்தட்டுச் சாறிப் பகுதி எட்டரை வரைக்கும் ஓடும். என் மனுசனுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, அவரை நம்ப முடியாது. ஆகவே என்னை மேலே அனுப்பினால் வேலையை விட வேண்டியதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள். எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்பது விளங்கும்.

வெயில் முடிந்தால் வேலை முடிந்தது

மெச்சிங் பகுதியை ஐந்து மணிக்கு மூடுவது என் மகளுக்காக இல்லை. கடையில் பழைய நாளிலிருந்தே அந்தப் பழக்கம் இருக்கிறது. ரியூப் லைட்டில் மண்ணிறமும் மெரூனும் ஒன்றுபோல நிற்கும், நீலமும் கறுப்பும் கைகோர்த்துக்கொண்டு நிற்கும். அதனால் சாறியையும் துணியையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், வீதி வெயிலில் பிடித்துப் பார்த்துத்தான் வெட்டுவோம். வெயில் சாய்ந்தால் கத்தரிக்கோலை மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவேன்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் வேலை செய்கிற மிஸ் ஒருவர் கிழமைக்கு ஒரு தரமாவது ஐந்தே காலுக்கு ஓடி வருவார். நான் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பேன். நாளைக்கு மத்தியானம் வாங்கோ மிஸ் என்றால், மத்தியானம் எனக்கு யார் லீவு தருவான் என்று கேட்பார். அதுவும் நியாயம்தான். ஆனால் கேற் பூட்டுகிற வீட்டுக்காரிக்கு இவருடைய நியாயமும் தெரியாது, என்னுடைய நியாயமும் தெரியாது. ஒருநாள் நான் படி இறங்கிப் போகப் போக, பின்னால் நின்று சொன்னார்: “நீங்கள் துணிதானே விக்கிறீங்கள் எண்டு நினைச்சன். வெயிலையும் நீங்கள்தான் விக்கிறீங்களோ?”

பச்சை விற்ற பழி

எங்கள் தெருவிலேயே இருக்கிற பிலோ அன்ரி கோயில் திருநாளுக்காக மெரூன் சாறி வாங்கி வைத்திருந்தா. பிளவுஸுக்கு ஆஷ், அதாவது சாம்பல் நிறம், வேண்டும் என்றா. சாறியைக் கொண்டு வாங்கோ என்றேன். “எனக்கு ஆஷ் தெரியாதே?” என்று சாறி இல்லாமலே வாங்கிக்கொண்டு போனா. மூன்றாம் நாள் சாறியையும் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்து, வாடிக்கையாளர் நிறைந்த நேரம் பார்த்துத் துணியை என் முன்னால் விரித்தா. நான் பச்சையை விற்றுவிட்டேனாம். அன்ரிக்குக் கொட்டாஞ்சேனைச் சந்தையில் பழகின குரல், மேல்தட்டு வரைக்கும் கேட்டிருக்கும். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. சாறிக்குப் பக்கத்தில் வைத்தால் உண்மையாகவே ஒரு பச்சை ஓட்டம் தெரிந்தது.

இது எங்கள் தொழிலில் தெரிந்த சங்கதி. நிறம் ஒருநாளும் தனியாக நிற்காது, பக்கத்தில் இருப்பதைப் பார்த்து மாறும். கடுதாசிப் பை ஒன்றை எடுத்து, நடுவில் ஓட்டை வெட்டி, துணி மட்டும் ஓட்டையில் தெரிகிற மாதிரி வைத்தேன். ஆஷ். பையைத் தூக்கினேன். பச்சை. அன்ரி பையை என் கையிலிருந்து பறித்துத் தானே வைத்தும் எடுத்தும் பார்த்தா. வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் பையை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டா: “அப்ப, என்ர சாறிதான் கள்ளன் எண்டு சொல்லுறியோடி?”

இவ்வளவு தெரிந்த நான், அடுத்ததாக வந்த அந்தப் பெரிய கள்ளனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பிடிக்காமல் இருந்தேன் என்பதை நினைத்தால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

புது மேசை

எங்கள் முதலாளி கெட்ட மனிதர் இல்லை. சம்பளத்தை நேரத்துக்குத் தருவார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் போகச் சொல்லுவார். ஆனால் வெளிநாட்டுக் கடைகளின் படம் ஒன்றைப் போனில் பார்த்துவிட்டால் அவருக்கே காய்ச்சல் வந்துவிடும். டுபாயில் இருக்கிற மச்சான் அனுப்பின படத்தைப் பார்த்து, கீழ்த்தட்டு முழுவதையும் உடைத்துக் கட்டினார். வாசலுக்குக் கண்ணாடிக் கதவு வந்தது, ஏசி வந்தது, வெயிலைப் போல வெள்ளை வெளிச்சம் தருகிற பல்ப் வந்தது. இனிமேல் துணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடக் கூடாது, குளிர் வெளியே போகிறது என்று கட்டளையும் வந்தது. ஐந்து மணிக்கு மூடுகிற பழக்கம் மட்டும் தப்பியது.

எல்லாவற்றுக்கும் மேலே, என்னுடைய பழைய மரமேசையைத் தூக்கிவிட்டுப் புதிது ஒன்று போட்டார். மேற்பலகை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகப் பென்சில் அகலத்தில் கோடுகள், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும், எண்ணெய் பூசினது போல மினுக்கம். என்னோடு நிற்கிற ரிஸ்னா மாளிகாவத்தைப் பிள்ளை, மனதில் பட்டதை மறைக்கத் தெரியாது. “இதப் பாத்தா எனக்கு தல சுத்துது முதலாளி. நோன்பு நாளையில நான் இதுக்குப் பக்கத்துல நிக்க மாட்டன்” என்றாள். முதலாளி மேசையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சுத்தட்டும் பிள்ளை. தலை சுத்தினாத்தான் சனம் நிண்டு பார்க்கும்.”

கோடு முளைத்த துணி

முதலில் வந்தவ ஒரு டீச்சர். பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவுக்குப் பெரிய கரை வைத்த பச்சைச் சாறி. கரை பெரிதாக இருப்பதால் பிளவுஸில் ஒரு கோடு, ஒரு பொட்டு இருக்கக் கூடாது, சுத்தப் பிளேன் வேண்டும் என்று வந்தவுடனேயே சொல்லிவிட்டா. புறக்கோட்டையிலிருந்து எங்களுக்கு வருகிற ரோல்களில் நிறத்துக்குத்தான் நம்பர் இருக்கும். உள்ளுக்குள் அதே நிறத்தில் கோடு போட்டதா, பொட்டுப் போட்டதா என்பதை நாங்களே பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். கிறீம் ரோலின் முனையை இழுத்து மேசையில் வைத்தேன். நான் பார்த்தேன், டீச்சர் குனிந்து பார்த்தா, ரிஸ்னாவும் பார்த்தாள். மூன்று பேருக்கும் பிளேன். வெட்டினேன்.

அடுத்த நாள் காலையில் கடை திறக்க முன்னமே டீச்சர் படியில் நிற்கிறா. துணியை உள்ளங்கையில் போட்டுக் காட்டினா. நெடுக மெல்லிய கோடு, கிறீமுக்குள் கிறீம், நூல் நூலாக. “கடையில பார்க்கேக்க இல்லையே டீச்சர்” என்று சொன்னது என் வாய்தான். சொல்லியிருக்கக் கூடாது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தா. “இரவோட இரவா முளைக்கிறதுக்கு இது என்ன, தாடியே?”

பாவம் பார்த்த பெண்

ஏசுகிறவர்களைச் சமாளிக்கலாம். பாவம் பார்க்கிறவர்களைத்தான் சமாளிக்க முடியாது. தெஹிவளைப் பக்கத்திலிருந்து வருகிற சிங்களப் பெண் ஒருவருக்கு ஊதா நிறத்தில் பிளேன் துணி வெட்டினேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் சின்னச் சின்னப் பொட்டு. திரும்பி வந்து சத்தம் போடவில்லை. தைத்தாயிற்று, பரவாயில்லை, சும்மா சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றார். என் முகத்தைப் பார்த்தார், கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்தார், போனில் இருந்த மகளின் படத்தைப் பார்த்தார். பிறகு பாதி சிங்களமும் பாதி தமிழுமாக, தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னார்: “பவ் அனே நங்கி, சின்ன பிள்ளை இருந்தா நித்திரை ஏது, கண் எப்பிடி வேலை செய்யும்?”

பவ் என்றால் பாவம், நங்கி என்றால் தங்கச்சி. அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலாளி கண்டுபிடித்த வியாதி

அதற்குப் பிறகு கிழமைக்கு இரண்டு மூன்று பேர் என்று வரத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே முறைப்பாடு. கடையில் பிளேன், வீட்டில் கோடு. நான் ஒவ்வொரு ரோலையும் முகத்துக்குக் கிட்டப் பிடிப்பது போலக் குனிந்து பார்த்தேன். மேசையில் வைத்தால் ஒன்றும் இல்லை. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பஸ்ஸில் போகும்போது முன்சீட்டுப் பெண்ணின் சட்டையைப் பார்த்துக் கோடு இருக்கிறதா என்று என்னையே சோதித்தேன். கோடு நன்றாகத் தெரிந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

கடைசியில் ஒரு கலியாண வீட்டார் வந்தார்கள். தோழிப்பெண்கள் ஆறு பேருக்கும் ஒரே ரோஸ் நிறத்தில் பிளேன் வெட்டினதில், மூன்று பேரின் சட்டையில் கட்டம் தெரிகிறது என்று பெண்ணின் சித்தி கதிரையில் ஏறி நிற்காத குறையாகக் கத்தினா. இரண்டு ரோலில் இருந்து வெட்டியிருக்கிறேன். ஒன்று பிளேன், மற்றது கட்டம். மேசையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலத்தான் இருந்தன. அவர்கள் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். குரலைத் தணித்து, மகளுக்குப் புத்தி சொல்லுவது போலப் பேசினார். பிள்ளை பெற்ற பிறகு பெண்களுக்குக் கண்ணில் கொஞ்சம் குறையும், அது என் பிழை இல்லையாம். மாதம் முடிந்து வருகிற முதல் திங்கட்கிழமை மேலே போகட்டுமாம், மேலே சாறியை விரித்துக் காட்டுவது மட்டும்தானாம்.

எட்டரை வரைக்கும் என்றேன். எட்டரைதான் என்றார். ரிஸ்னாவும்தான் அந்தத் துணிகளைப் பார்த்தவள், அவளுக்கும் கோடு தெரியவில்லை, அவள் எந்தப் பிள்ளையைப் பெற்றாள் என்று கேட்டேன். முதலாளி கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை: “அவளுக்கும் இப்ப கலியாணம் பேசுகினம்தானே.”

கண் பார்த்த கதை

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். இருட்டு அறையில் இருத்தி எழுத்து வாசிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். ஒரு கண்ணைப் பொத்தி வாசித்தேன், மற்றக் கண்ணைப் பொத்தி வாசித்தேன். மகளும் தனக்குத் தெரிந்த ஓர் எழுத்தைத் திரும்பத் திரும்பச் சத்தமாகச் சொன்னாள். பரிசோதித்த ஐயா, கண்ணாடி ஒன்றும் தேவையில்லை, ஊசியில் நூல் கோர்க்கிற கண் இது என்று துண்டில் எழுதிக் கொடுத்தார்.

எனக்கு உலகமே திரும்பக் கிடைத்தது போல இருந்தது. திங்கட்கிழமை அந்தத் துண்டை முதலாளியின் முன்னால் வைத்தேன். கண்ணாடி விற்கிறவரே கண்ணாடி வேண்டாம் என்று எழுதியிருக்கிறார், இதற்கு மேலே என்ன வேண்டும் என்றேன். முதலாளி துண்டை இரண்டு பக்கமும் பார்த்தார். மடித்து என்னிடமே தந்தார். “எழுத்து வாசிச்சாப் போதுமே பிள்ளை? நாங்கள் இஞ்ச என்ன, எழுத்தே விக்கிறம்?”

தலையில் வயர் ஒட்டுகிற தங்கச்சி

அந்தக் கிழமை வியாழக்கிழமை மழை. கடையில் ஆள் இல்லை. கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற இளம் பிள்ளை ஒன்று நனைந்துகொண்டு வந்தது. தன் மச்சாளின் சாறிக்கு மெச்சிங் வேண்டும் என்றது. நான் துணியை மேசையில் வைத்துவிட்டு, முன்னெச்சரிக்கையாகச் சொல்லிவிட்டேன்: “தங்கச்சி, எனக்கு இது பிளேனாகத்தான் தெரியுது. ஆனா என்ர கண்ணில குறை எண்டு கடையில சொல்லுகினம். நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ.” அந்தப் பிள்ளை துணியைப் பார்க்கவில்லை. மேசையைத்தான் பார்த்தது. பிறகு தோளில் கிடந்த சாம்பல் நிறச் சால்வையை எடுத்து மேசையில் விரித்து, அதன் மேலே துணியை வைத்தது.

கோடு. பளிச்சென்று இல்லை, ஆனால் நெடுக, ஒழுங்காக, அழகான மெல்லிய கோடு. சால்வையை இழுத்தது. கோடு அடங்கிப் போனது. மறுபடியும் விரித்தது. கோடு வந்தது. ரிஸ்னா “அல்லாவே” என்று வாயில் கை வைத்தாள். எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, வெறி. மூன்று மாசம் ஒரு மரக்கட்டை என்னைக் குருடி என்று சொல்ல வைத்திருக்கிறது.

அந்தப் பிள்ளையின் வேலை, ஆட்களின் தலையில் வயர்களை ஒட்டி, திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைக் காட்டி, மூளை அதற்கு என்ன பதில் கொடுக்கிறது என்று மெஷினில் பார்ப்பதாம். படிக்கிற காலத்தில் தங்கள் தலையிலேயே ஒட்டிப் பார்த்தார்களாம். நடுவில் மங்கலான கோடு ஒன்றைத் தனியாகக் காட்டினால் மூளை ஓரளவு எழும்பிப் பதில் சொல்லுமாம். அதே கோட்டைச் சுற்றிப் பலமான கறுப்பு வெள்ளைக் கோடுகளை வைத்தால், நடுக்கோட்டில் ஒரு மாற்றமும் செய்யாமலே, மூளையின் பதில் சின்னதாகிவிடுமாம். “ஒரு மண்டபத்தில சுத்தி நிக்கிறவை எல்லாரும் கத்தினா, நடுவில நிண்டு மெதுவாக் கதைக்கிறவரின்ர கதை கேக்குமே அக்கா? அதுமாதிரித்தான்” என்றது. யாருடைய கண்ணிலும் இப்படித்தான் நடக்குமாம், பிள்ளை பெற்றவள், பெறாதவள் என்ற வித்தியாசம் இல்லையாம். போகும்போது சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னது: “உங்கட கண்ணும் நல்லம், துணியும் நல்லம் அக்கா. மேசைதான் கத்துது.”

மீன்கடைப் பேப்பர்

வெள்ளிக்கிழமை காலையிலேயே பார்சல் சுற்றுகிற மண்ணிறப் பேப்பரை மேசை முழுக்க விரித்து, ஓரங்களில் செலோரேப் ஒட்டினேன். ரிஸ்னா ரோல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். பிளேன் என்று அடுக்கி வைத்திருந்ததில் கால்வாசி பிளேன் இல்லை. முதலாளி வந்ததும் பேப்பரில் வைத்துக் காட்டினேன், அந்தப் பிள்ளை சொன்ன மூளைக் கதையையும் சொன்னேன். நன்றாகத் தொடங்கினேன். நடுவில் கோபம் வந்து குழம்பிவிட்டது. மனிதர் துணியைக் குனிந்து பார்த்திருந்தால் முடிந்திருக்கும். குனியவில்லை. “என்ர மேசை ஆக்களின்ர மூளையைப் பழுதாக்குதாமோ?” என்று சிரித்துக்கொண்டே செலோரேப்பை ஒரு மூலையிலிருந்து உரித்தார். உரித்து, பேப்பரைச் சுருட்டி என் கையில் தந்தார். “இவ்வளவு வடிவான மேசைக்கு மேல மீன்கடைப் பேப்பர் விரிக்கிறதே, பிள்ளை?”

நிலத்தில் கடை

சனிக்கிழமை. ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கின நேரம், கீழ்த்தட்டில் கால் வைக்க இடமில்லை. திங்கட்கிழமை நான் மேலே. காலையில் மகளை விட்டுவிட்டு வரும்போது அந்த வீட்டு அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை. முதல் வந்தவ ஒரு கலியாணப் பெண்ணின் தாய், நல்ல கனமான மனுசி, மகளின் கூறைச் சாறிக்குப் பிளேன் துணி வேண்டும் என்றா. நான் கிறீம் ரோலை எடுத்து மேசைக்குக் கொண்டு போனேன். கோடுகள் மினுங்கின. அப்படியே திரும்பி, ரோலைத் தூக்கிக்கொண்டு, மேசைக்கு முன்னால் நிலத்தில் சம்மணம் கட்டி இருந்துவிட்டேன். நிலம் வெறும் சாம்பல் நிற ரைல்ஸ்.

“அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இந்த மேசையில நான் இனி வெட்ட மாட்டன். இதில வெட்டினா வீட்ட போய்த்தான் உங்களுக்குக் கோடு தெரியும்” என்றேன். துணியை ரைல்ஸில் வைத்துக் காட்டினேன், எட்டி மேசையில் வைத்துக் காட்டினேன். அந்த அம்மா என்ன நினைத்தாவோ தெரியாது, மூச்சை இழுத்துவிட்டுத் தானும் பக்கத்தில் இருந்தா. பிறகு இன்னொருவ. பிறகு ஒரு தாயும் மகளும். ஒவ்வொருவரும் துணியை நிலத்துக்கும் மேசைக்கும் மாற்றி மாற்றி வைத்து, “எனக்குத் தா, எனக்குத் தா” என்று விளையாட்டுச் சாமான் கண்ட பிள்ளைகளாகிவிட்டார்கள். நான் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவே இல்லை. மாடிப்படிக்குப் போகிற வழி அடைபட்டுப்போனது.

முதலாளி ஓடி வந்தார். எழும்பு பிள்ளை, சனம் பார்க்குது என்றார். “கோடு தெரியிற இடத்தில இருந்துதான் வெட்டுவன் முதலாளி. மேசையிலதான் வெட்டோணும் எண்டா நீங்களே வெட்டுங்கோ, ஏச்சையும் நீங்களே வாங்குங்கோ” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் தாய்க்குத் துணி பிடித்துவிட்டது, எழும்ப வேண்டும். முழங்கால் விடவில்லை. ஒரு கையை முதலாளியும் மறுகையை வாசல் காவலாளியும் பிடித்து, இரண்டு தரம் முயன்று, மூன்றாம் தரம்தான் தூக்கினார்கள். முதலாளிக்கு வேர்த்து ஒழுகியது, ஏசிக்குள்ளே. அந்த அம்மா சாறியைச் சரிசெய்துகொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சொன்னா: “தம்பி, என்னைத் தூக்கின கஷ்டத்துக்கு அந்த மேசையைத் தூக்கியிருக்கலாம்.”

மேலே போனது யார்

திங்கட்கிழமை காலையில் நான் படியேறுவதற்குத் தயாராகத்தான் வந்தேன். பழைய மரமேசை என் இடத்தில் நின்றது, ஸ்ரோரில் கிடந்த தூசியோடு. அந்த வரிக்குதிரை மேசை மேல்தட்டுக்குப் போயிருந்தது. “அது சாறிக்குத்தான் வடிவு” என்று முதலாளி சுவரைப் பார்த்துச் சொன்னார். என்னை மேலே போகச் சொல்லவும் இல்லை, போக வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. நான் ஐந்து மணிக்குக் கத்தரிக்கோலை லாச்சிக்குள் வைத்துவிட்டு, ஒழுங்கைக்குள் ஓடி மகளை எடுத்தேன். இன்றைக்கும் அப்படித்தான். மேல்தட்டுப் பிள்ளைகளுக்கு விஷயத்தைச் சொல்லி வைத்திருக்கிறேன், அவர்கள் இப்போது ஆளுக்கொரு வெறும் நிறச் சால்வையோடு வேலைக்கு வருகிறார்கள்.

ஒரு மன்னிப்பு, ஒரு “நீ சொன்னது சரி பிள்ளை” வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது வேறு. போன கிழமை பழைய டீச்சர் மறுபடியும் வந்து, இந்தப் பிள்ளையிடம் வெட்டலாமா என்று சந்தேகத்தோடு கேட்டா. நான் வாயைத் திறக்க முன்னமே முதலாளி காசு மேசையிலிருந்து எழும்பி வந்தார், முகம் முழுக்கப் பெருமை: “பயப்பிடாதேங்கோ டீச்சர். பிள்ளைக்குக் கண்ணில கொஞ்சம் குறை இருந்தது, நேரத்துக்குக் கவனிச்சபடியா இப்ப வடிவாத் தெளிஞ்சிட்டுது.”

இப்போது யாராவது “பிள்ளை பெத்த பிறகு” என்று என்னைப் பார்த்து வாயெடுத்தால், நான் பதில் சொல்ல முன்னம், அவர் எந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.